பதினோரு நாள் கடைசி

கெடிலம் டாக்கீஸில் ஒரு படத்துக்குப் பதினோரு நாள் கடைசி நாளாக இருந்தது. அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவர் ராபர்ட். அவருக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. இன்றும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பழைய ஆள் யாராவது கண்டால், "என்னா ராபர்ட்டு, இன்னிக்குக் கடைசியா?" என்று கேட்டுவிட்டுத்தான் நலம் விசாரிப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார், உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தாலும்.

டாக்கீஸில் ஓடியதெல்லாம் பழைய படங்கள். பழைய படத்துக்கு வினியோகஸ்தர் படப்பெட்டி அனுப்புவாரே தவிர போஸ்டர் அனுப்ப மாட்டார். அதனால் சோடா கிரேட் அடுக்கும் அறையில் ராபர்ட்டே ஸ்கிரீன் பிரிண்டிங்கில் போஸ்டர் அடிப்பார். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, நிறத்துக்கு ஒன்றாக மூன்று சட்டம். அவசரப்பட்டுத் தாளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டால் நாயகனுக்கு மீசை கன்னத்தில் முளைத்துவிடும். முளைத்ததும் உண்டு. அடித்ததை அவரே சைக்கிளில் எடுத்துப்போய் ஒட்டுவார். மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்க மறந்தால், மாடு வந்து நாயகனையும் வில்லனையும் பேதம் பார்க்காமல் தின்றுவிட்டுப் போகும். கடைசியாக, படம் தூக்கும் நாளன்று போஸ்டரின் குறுக்கே ஒரு மஞ்சள் துண்டு ஒட்ட வேண்டும். சிவப்பு எழுத்தில் 'இன்றே கடைசி'.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, ஜனவரி மாதம். குதிரைமேல் நாயகன் வரும் ஒரு படம். வியாழக்கிழமை தூக்குவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலை ராபர்ட்டின் மனைவி ஞானமேரிக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். வியாழக்கிழமை தன்னால் வர முடியுமோ முடியாதோ என்று பயந்த ராபர்ட், எப்படியும் ஒட்ட வேண்டியதுதானே என்று செவ்வாய்க்கிழமையே ஊரெல்லாம் மஞ்சள் துண்டை ஒட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. அதே சாயங்காலம் டாக்கீஸ் வாசலில் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. மேனேஜர் ராமாமிர்தம் திட்டுவார் என்று பார்த்தால், சாக்லேட் டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றார்.

"ராபர்ட்டு, நாளைக்கும் ஒட்டு. நான் சொல்ற வரைக்கும் தெனம் ஒட்டு."

பதினோரு நாள் ஒட்டினார். அதற்குப் பிறகு எந்தப் படம் வந்தாலும் நாலைந்து நாள் 'இன்றே கடைசி' என்பது டாக்கீஸின் வழக்கமே ஆகிவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்பதில் டாக்கீஸை மூடினார்கள். அன்று ராபர்ட் ஒட்டியது நிஜமான 'இன்றே கடைசி'. வாழ்க்கையில் அதுபோல ஒரு துண்டையும் அவர் அவ்வளவு நேராக ஒட்டியதில்லை. மேட்னிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். எத்தனை தடவை ஏமாற்றினோம், இப்போது யார் நம்புவார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. டாக்கீஸைத் தானே மூடியதுபோல ஒரு குற்ற உணர்வு. மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதெல்லாம் அதையே சொல்வார்.

"மூணு சாமியார் மாறிட்டாங்க. நீங்க மட்டும் அந்தப் பழைய பாவத்தயே சொல்லிக்கிட்டுக் கெடக்குறீங்க" என்பாள் ஞானமேரி.

போன மாதம் சிதம்பரத்திலிருந்து அறிவுமதி என்ற பெண் தேடிக்கொண்டு வந்தாள். வங்கியில் வேலை. பழைய போஸ்டர் சேர்ப்பதில் பைத்தியம். தெற்கு வீதியில் ஒரு ஹாலை எடுத்து ஐந்து நாள் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னாள். அச்சாபீஸ் போஸ்டர் எங்கேயும் கிடைக்கும், டாக்கீஸ்காரர் கையால் ஸ்கிரீனில் அடித்தது கிடைக்கவே கிடைக்காது என்றாள். ஞானமேரி பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளைவுட் பலகையை இழுத்துக் காட்டினாள். எண்பத்தெட்டில் டாக்கீஸ் வாசலில் நின்ற பலகை. குதிரை, நாயகன், குறுக்கே மஞ்சள் துண்டு.

அறிவுமதி முட்டிபோட்டு உட்கார்ந்தே விட்டாள். "ஐயா, இந்தத் துண்டு மட்டும் இல்லாம இருந்தா! குதிர மூஞ்சியே மறஞ்சிருக்குது."

"எடுத்துடலாம்மா. ரெண்டு முனையிலதான் பசை வைப்பேன். ஈரத் துணி போட்டா வந்துடும்." ராபர்ட்டின் குரலில் ஒரு ஆவல் இருந்தது. அந்தப் பொய்யைத் தன் கையாலேயே உரித்துப் போட அவருக்கு இப்படியொரு வாய்ப்பு இதுவரை அமையவில்லை.

"எம்பொண்ணு பொறந்தன்னிக்கு ஒட்டுனது அது" என்றாள் ஞானமேரி. அதற்கப்புறம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

கண்காட்சி தொடங்கும் நாள் காலையில் பலகையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கடலூரில் பஸ் ஏறினார்கள். ஞானமேரி ஜன்னலோரம் உட்கார்ந்து சிதம்பரம் வரைக்கும் வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஹாலில் ராபர்ட் பலகையைப் படுக்கவைத்து, ஈரத் துணியை வைத்து எடுத்து, நகத்தால் மெதுவாக நெம்பினார். துண்டு வந்துவிட்டது. அடியில் இன்னொரு 'இன்றே கடைசி'. அதை எடுத்தால் அதற்கடியில் இன்னொன்று. வெயிலில் வெளுத்துப்போகிறதே என்று தினமும் பழையதன்மேலேயே புதிதை ஒட்டியதை அவர் சுத்தமாக மறந்திருந்தார். அறிவுமதி எண்ணிக்கொண்டே வந்தாள். பத்துத் துண்டுகள் தரையில் காய்ந்தன. பதினோராவது கோணலாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்தில் ஒட்டியது. ராபர்ட் அதன்மேல் துணியை வைத்தார்.

ஹாலைப் பெருக்கும் கொளஞ்சியம்மாள் விளக்குமாற்றோடு வந்து நின்றார். அவருக்கும் அறுபத்தைந்து இருக்கும். தரையில் கிடந்ததைக் குனிந்து பார்த்தார்.

"இது கடலூரு கெடிலம் கொட்டாயில ஒட்டுறதுல்ல? இத ஏன்யா உரிக்கிற?"

"பொய்யிம்மா அது. பதினோரு நாளு ஊர ஏமாத்துனேன்."

"யார ஏமாத்துன? நான் குறிஞ்சிப்பாடிலேருந்து மஞ்சக்குப்பத்துக்கு வாக்கப்பட்டுப் போனவ. சினிமாவுன்னா எம்மாமியா நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லும். அந்த நாளைக்கு வந்ததே கெடையாது. இந்த மஞ்சத் துண்டு ஒட்டுனாத்தான், 'அத்த, இன்னியோட தூக்கிடறாங்களாம்'னு சொல்லிட்டுக் கெளம்புவோம். எங்க தெரு மருமவளுங்க அத்தினி பேரும் அப்பிடித்தான். இந்தக் குதிரப் படத்துக்கு மட்டும் நாலு தடவ போனேன்."

"நாலு தடவயும் கடைசின்னு நம்புனியா?"

"நான் ஏன் நம்புறேன்? எம்மாமியா நம்புனா போதாதா?"

அறிவுமதி வாய்விட்டுச் சிரித்தாள். ராபர்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் சாமியார்களிடம் மட்டுமே கேட்டதை அந்த அம்மாளிடம் கேட்டார்.

"நெசமான கடைசி நாளு ஒருத்தரும் வரலியேம்மா. நான் சொன்ன பொய்யாலதானே?"

"அட, நீ வேற. அதுக்குள்ள மாமியாளும் போய்ச் சேந்துட்டுது, வூட்டுக்கு டிவியும் வந்துட்டுது. யாரையும் கேக்க வேண்டியதில்ல, ஆனா கெளம்பவும் தோணல. நீ நூறு துண்டு ஒட்டியிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன்யா."

ராபர்ட்டுக்குக் கேட்க வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது வருத்தத்தால் இல்லை. இருட்டில் நாற்காலி வரிசைகளுக்குள், மாமியாரிடம் இன்றோடு கடைசி என்று சொல்லிவிட்டு நாலாவது தடவையாக வந்து உட்கார்ந்திருந்த பெண்களை அவர் இப்போதுதான் பார்த்தார். பலகைமேல் வைத்த ஈரத் துணியை எடுத்துப் பிழிந்து உதறினார்.

"இது இருக்கட்டும்மா" என்றார் அறிவுமதியிடம். "குதிர மூஞ்சி தெரியாட்டி பரவால்ல."

ஞானமேரி பஸ் ஏறியதிலிருந்து முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

மணி பதினொன்றாகியும் ஹாலுக்கு இரண்டு மாணவர்கள்தான் வந்திருந்தார்கள். "இங்க நான் மவளோட இருக்குற தெருவுல சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார் கொளஞ்சியம்மாள். "அஞ்சு நாளு இருக்குதே, அப்பறம் பாத்துக்கலாம்னுட்டாளுங்க."

ராபர்ட் தரையில் காய்ந்த துண்டுகளில் ஒன்றை எடுத்தார். மேசைமேல் இருந்த பசை டப்பாவையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கண்காட்சியின் பேனருக்குக் குறுக்கே, இரண்டு முனையிலும் மட்டும் பசை வைத்து, உள்ளங்கையால் ஒரே இழுப்பாக இழுத்து ஒட்டினார்.

"ஐயா, இன்னிக்குத்தான் மொத நாளு!" என்று அறிவுமதி ஓடிவந்தாள்.

"தெரியும்மா. இன்னும் ஒம்போது துண்டு இருக்குது."

பகல் சாப்பாட்டுக்குள் கொளஞ்சியம்மாள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி, "இன்னியோட தூக்கிடறீங்களாமே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, இன்னியோட கடைசி. உள்ள போங்க" என்றார் ராபர்ட், தெருவுக்கே கேட்கும்படி.

ஞானமேரி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "வர்ற ஞாயித்துக்கெழம பாவசங்கீர்த்தனத்துக்கு என்னா பண்ணுவீங்க?"

"போவேன். இத மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார் ராபர்ட்.