கையெழுத்தில்லாத ஸ்வீடன் படம்

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். எழுபதுகளின் நடுவில், மெல்பனில் படித்துக்கொண்டிருந்தபோது, ஸ்வீடன் நாட்டு நவீன ஓவியங்களைச் சேர்க்கத் தொடங்கினேன். ஓவியரின் கையெழுத்து இல்லாத எதையும் வாங்குவதில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை.

வட்டங்களும் முக்கோணங்களும் நிறைந்த, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய படங்கள். அங்கிருந்து குடியேறியவர்கள் வீடு மாறும்போது விற்றுவிட்டுப் போவார்கள். நகரத்தில் ஒரு பழம்பொருள் கடைக்காரர் அவற்றை வாங்கி வைப்பார். சேலையோடு நான் நுழைந்தாலே சிரிப்பார். அந்தச் சிரிப்பை ஒருநாளும் நான் நம்பவில்லை.

மூன்றாவதாக வாங்கிய படத்தை, மெல்பனின் புறநகரான கிளேட்டனில் நான் அறை எடுத்திருந்த வீட்டில் ஒரு கதிரையில் சாய்த்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், கையெழுத்தின் மேலேயே ஒரு சந்தனப் பொட்டு. வீட்டுக்கார அன்ரியின் வேலை.

“அன்ரி, என்ன செய்தனீங்கள்!”

“புதுச் சாமான் வந்தா பொட்டு வைக்கிறதுதானே பிள்ளை. ஃபிரிட்ஜுக்கும் வைச்சனான், நல்லாத்தானே ஓடுது.”

ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். சந்தனத்தோடு கையெழுத்தும் வந்துவிட்டது. அடியிலிருந்த எண்ணெய் வண்ணம் அசையவில்லை.

அன்ரி எட்டிப் பார்த்தார். “படத்தை எண்ணெயில கீறினவர் பேரைத் தண்ணியிலயோ எழுதினவர்?”

கையெழுத்து மட்டும் பொய்யா, படமே பொய்யா? அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் படத்தோடு கடைக்குப் போனேன்.

கையெழுத்து அழிந்த இடத்தைக் காட்டியும் கடைக்காரர் வெட்கப்படவே இல்லை. “பெயர் இல்லையென்று இதே ஓவியரின் படமொன்றைத் தள்ளிவிட்டுப் போனது நீங்கள்தானே? ஓவியர் அவர்தான். பெயரை மட்டும் நான் போட்டேன்.”

“என் காசைத் தாருங்கள்.”

“தாராளமாக.” ஒரு கையால் இழுப்பறையைத் திறந்தார், மறு கையைப் படத்துக்காக நீட்டினார். பேரம் இல்லை, முகச்சுளிப்புக்கூட இல்லை. விற்ற பொருளை இவ்வளவு ஆசையாகத் திருப்பி வாங்கும் வியாபாரியை நான் யாழ்ப்பாணச் சந்தையிலும் கண்டதில்லை. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கதவைத் திறந்த அன்ரி என் கையைப் பார்த்தார். “என்ன பிள்ளை, திருப்பிக் குடுக்கேல்லையோ?”

“குடுக்கத்தான் போனனான். அவன் பறந்து பறந்து வாங்கப் பாத்தான் அன்ரி.”

“அப்ப நல்ல படம்தான். சுவரில கொழுவு.”