இரண்டு பிக்கப்

யாராவது வண்டி வாங்கப்போவதாகப் பேச்செடுத்தால் இன்றும் எனக்கு அலுப்புத் தட்டிவிடும். சின்ன வயதிலேயே ஓர் ஆயுளுக்குப் போதுமானதைக் கேட்டுவிட்டேன்.

ராஜபாளையத்தில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள். பழைய வண்டி ஓய்ந்துபோனதால் பொதுவில் ஒரு டீசல் பிக்கப் வாங்க வேண்டியிருந்தது. ராணுவத்திலிருந்து திரும்பிய பெரியப்பா, கோயில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டார். அதை இழுக்கத் தெம்புள்ள வண்டி கேட்டார். அப்பா தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்குத் தேங்காய் கொண்டுபோகிறவர். இடுப்பை ஒடிக்காத வண்டி கேட்டார்.

தெரிந்தவர்களிடம் இரண்டு பிக்கப்பை இரவல் வாங்கி, ஜெனரேட்டரைப் பின்னால் மாட்டி, பிளவக்கல் அணைப்பக்கம் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். உயரமான முதல் வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. சும்மா ஓட்டும்போதுதான் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டாவது, கார் மாதிரி சுகம். ஏற்றத்தில் பாதியிலேயே திணறிக் கரும்புகை விட்டது.

“இழுக்காத வண்டி எதுக்குலே?” என்றார் பெரியப்பா.

“தெனம் ஓட்டுறவன் நான்லா. என் இடுப்ப யாரு பாக்கது?” என்றார் அப்பா.

இதையே சாப்பாட்டு வேளையிலெல்லாம் சொன்னார்கள். குரல்கூட உயராது. போகப் போக வண்டியை விட்டுவிட்டு, இந்த வீட்டுக்கு யார் எம்புட்டு உழைத்தார்கள் என்பதில் வந்து நின்றார்கள். எனக்குச் சலித்துவிட்டது.

“ரெண்டையும் வாங்குங்களேன்” என்றேன்.

பெரியம்மா, “பிள்ளையே சொல்லிட்டா” என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

கொஞ்ச நாளில் ஆளுக்கொன்றாக இரண்டும் வாசலுக்கு வந்தன. என் யோசனையைத்தான் கேட்டார்கள் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். பின்னறையில் அம்மாவுக்குப் புது கேஸ் அடுப்பு வேறு வந்து இறங்கியது. எங்களுக்கு நல்ல காலம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் இட்லிக்கு ஓடினேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அங்க போவாதட்டி.”

வாசலில் பெரியப்பா தன் பிக்கப்பைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் சொல்கிறாள் என்று, வண்டி போகும்வரை தட்டோடு காத்து நின்றேன்.