செருப்பைக் கழற்றாத வழி

ஊருக்கு வந்த இடத்தில் இன்று காலை முந்திரிக்காட்டில் ஓடும்போது ஒரு முந்திரிப்பழம் ஷூவுக்கடியில் நசுங்கியது. அந்தப் புளித்த வாசனை என்னைப் பன்னிரண்டு வயதில் கொண்டுபோய் நிறுத்தியது.

எழுபதுகளின் கடைசி. மீன்சுருட்டிப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்கு நேர்வழி பெரிய தெரு. காலனி ஆட்கள் நாங்கள் அங்கே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்பா எனக்கு முதன்முதலாக ரப்பர் செருப்பு வாங்கி வந்த அன்று அம்மா அதைத்தான் சொன்னாள்.

“தெருமொனையில கழட்டிடு புள்ள. நமக்கெதுக்கு வம்பு?”

“கழட்ட மாட்டேன். காட்டைச் சுத்தியே போயிக்கிறேன்.”

காட்டுவழி இரண்டு மைல் கூடுதல். முந்திரிக்காட்டில் நுழைந்து, ஏரிக்கரை ஏறி, கடலைக் கொல்லைகளைக் கடந்து, மணியடிப்பதற்குள் சேர தினமும் ஓடினேன். வார் அறுந்தால் ஊக்கு மாட்டிக்கொண்டு ஓடினேன். செருப்பில் அப்பிய பழம் வகுப்பு முழுக்கப் புளித்து நாறும்.

பெரிய தெருக்காரர் ஒருவர் ஒருநாள் ஏரிக்கரையில் மறித்தார்.

“ஏம்புள்ள இப்படி ஓடுற? செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத் தெருவழியா வந்தா என்ன?”

“கால்ல போடத்தாங்க எங்கப்பா வாங்கிக் குடுத்தாரு.”

நிற்காமல் ஓடிவிட்டேன். பள்ளி ஓட்டப்பந்தயங்களில் என்னை யாரும் முந்தியதில்லை. எப்படி முந்துவார்கள்?

இன்று நேர்வழியிலேயே திரும்பினேன். அன்று மறித்தவரின் வீட்டு வாசற்படியில் காலைத் தூக்கி வைத்தேன். அவிழாத ஷூ நாடாவை நானே அவிழ்த்து, அவசரமில்லாமல் மறுபடி கட்டினேன்.