டேப் ஒட்டிய காற்றுத் துவாரம்

லண்டன் வாடகை கட்டுப்படியாகாததால் குழந்தையோடு கேரவன் வண்டியில் குடியிருக்கிறோம். சிக்கனத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைக்கும் கணவரின் பாரிஸ் அண்ணன், வந்தவுடனே ஹீட்டர் செலவு குறையும் என்று காற்றுத் துவாரங்களை டேப் ஒட்டி மூடினார். எனக்குத் தயக்கம்தான், மூத்தவர் என்று டேப்பை அப்படியே விட்டுவைத்தேன்.

மறுநாள் குழந்தையைக் குளிப்பாட்டி, தணலில் சாம்பிராணி போட்டுத் தலைக்குப் புகை பிடித்தேன். நச்சுவாயு அலாரம் அலறியது.

"உது சாம்பிராணிக்குக் கத்துது, பிள்ளை. பற்றரியைக் கழட்டி விடும்," என்றார் அவர்.

குழந்தை என் தோளில் துவண்டது. கதவைத் திறந்தேன்.

"திறவாதையும், சூடெல்லாம் போகுது."

வெளிக்காற்று பட்ட பிறகே குழந்தை அழுதது. மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம்; மூடிய வண்டிக்குள் தணல் விடும் வாயுவே விஷம் என்று மருத்துவர் சொன்னார்.

டேப்பை உரித்துவிட்டேன். குழந்தையின் தலையை இப்போது துவாயால்தான் துவட்டுகிறேன். அவர் வந்தால் உட்காரக் கதிரையை வெளியில் போடுகிறேன். சூட்டை அங்கே மிச்சம் பிடிக்கட்டும்.