ரெய்னோவின் முழங்காலும் அர்லீனின் பதினாறு நாளும்

அர்லீன் நியெமி போட்ட பில்லைத் திருப்பி அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. மினசோட்டாவின் வடகோடியில், இரும்புச் சுரங்க ஊரொன்றின் சின்ன பிசியோதெரபி நிலையத்தில் அவள் பில் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் சுரங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அது மூடப்பட்டபோது மூலையில் உட்கார்ந்து அழாமல், மாலை வகுப்புக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். காப்பீட்டுக்காரர்களோடு போனில் மல்லுக்கு நிற்பது அவளுக்குப் பொழுதுபோக்கு என்றே சொல்லலாம்.

அவளைப் பாடாய்ப் படுத்தியது ஒரே ஒரு விதி. பனியில் அடிக்கடி வர முடியாத நோயாளிகளுக்கு நிலையம் உணர்கருவி பொருத்திய ஒரு பட்டை கொடுத்தனுப்பும். அதைக் காலில் கட்டிக்கொண்டு வீட்டில் பயிற்சி செய்தால், முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பது அர்லீனின் கணினியில் உடனுக்குடன் தெரியும். மாதத்தில் பதினாறு நாள் தகவல் வந்தால் பட்டைக்கு மெடிக்கேர், அதாவது முதியோருக்கான அரசுக் காப்பீடு, பணம் கொடுக்கும். பதினைந்து நாள் வந்தால் கையை விரித்துவிடும். பதினைந்து நாள் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கியது எந்தக் கணக்கிலும் வராதாம், என்ன நியாயமோ! இப்படியே போனால் பட்டைகளை நிறுத்த வேண்டியதுதான் என்று நிலையத்தை நடத்தும் மார்னி சொல்லிவிட்டாள். அர்லீன் வீடு வீடாகப் போன் போட்டு நச்சரித்தாள்.

நச்சரிப்புக்கு நன்றாகப் பலன் கொடுத்தவர் ரெய்னோ லாட்டி. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, இலையுதிர் காலத்தில் முழங்கால் மூட்டு மாற்றியவர். ஒரு நாள் தவறாமல் தகவல் வந்தது. முழங்கால் வில்லாக வளைந்தது. நேரில் அடிக்கடி வர வேண்டாம் என்று மார்னியே சொல்லிவிட்டாள்.

டிசம்பரில் ஒருநாள் அவர் வந்து அர்லீனின் எதிரே, காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அர்லீன் தற்செயலாகத் திரையைப் பார்த்தாள். ரெய்னோவின் முழங்கால் அந்த நிமிடம் வீட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தது.

"ரெய்னோ, உங்க முழங்கால் இங்க இருக்கா, வீட்ல இருக்கா?"

அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. "வேணாம்னுதான் எல்சிகிட்ட சொன்னேன்."

எல்சி அவர் மனைவி. அர்லீன் வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்த எல்சிக்கு மூச்சு வாங்கியது. "நீதானே அர்லீன் சொன்ன, நாள் குறைஞ்சா உங்களுக்குப் பணம் வராதுன்னு? இவரு காலை அசைக்கவே மாட்டேங்கறாரு. உன்னை எப்படிக் கைவிடறது? அதான் நான் எடுத்துக் கட்டிக்கிட்டேன்."

"உங்க முட்டி அருமையா இருக்கு எல்சி. நாங்க எல்லாரும் பெருமைப்பட்டுக்கிட்டிருந்தோம்."

சிரித்துவிட்டாளே தவிர, போனை வைத்ததும் அர்லீனுக்கு அவமானமாக இருந்தது. அவள் நாளைக் கேட்டாள், மரியாதை தெரிந்த மனிதர்கள் நாளைக் கொடுத்துவிட்டார்கள். கால் எப்படி இருக்கிறது என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்த பில்களை எல்லாம் அன்றே ரத்து செய்து, வாங்கிய பணத்தைத் திருப்பி அனுப்பினாள்.

உள்ளே மார்னி காலை மடக்கிப் பார்த்தாள். பாதிகூட மடங்கவில்லை. வசந்தத்துக்குள் இளகாவிட்டால் அறுவை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து வலுக்கட்டாயமாக மடக்குவார்.

"வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாமே?" என்றாள் மார்னி.

"சொன்னா மட்டும் வலி போயிடுமா?"

"போகும். பின்ன நான் எதுக்கு இருக்கேன்?"

ஜனவரியில் விதி மாறியது. இனி மாதத்தில் இரண்டே நாள் தகவல் வந்தாலும் பில் போடலாம். அறிவிப்பைப் படித்த அர்லீனுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. பட்டைகள் பிழைத்துக்கொண்டன என்பது ஒரு சந்தோஷம். இனி யாரையும் விரட்ட வேண்டியதில்லை என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். முதல் போன் ரெய்னோவுக்குப் போனது.

"முடிஞ்ச அன்னைக்குக் கட்டுங்க. முடியலன்னா ஏன் முடியலன்னு சொல்லுங்க. எத்தனை நாள்னு நான் கேக்க மாட்டேன்."

"உன்னால கேக்காம இருக்க முடியுமா?"

"கஷ்டம்தான். பழகிக்கறேன்."

இரண்டு வாரம் கழித்து நிலையத்துப் போன் அடித்தது. எடுத்தால் மறுமுனையில் பேச்சே இல்லை. அந்த ஊர் ஆண்களை அறிந்தவள் என்பதால் அர்லீன் போனை வைக்காமல் காத்திருந்தாள்.

"அர்லீன்... இன்னைக்கு வலிக்குது."

"சொல்லுங்க ரெய்னோ."

"ரொம்ப வலிக்குது."

இன்னொரு நோயாளியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த மார்னியை அர்லீன் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். மார்னி அன்றே பயிற்சியைக் குறைத்து, வேறு விதமாக மாற்றிக் கொடுத்தாள். அந்த மாதம் ரெய்னோவிடமிருந்து தகவல் வந்தது கொஞ்ச நாள்தான். ஆனால் எல்லாம் அவருடைய சொந்த முழங்கால். பில்லும் மறுபேச்சில்லாமல் பாஸானது. கால் அடம்பிடித்தது, ஆனாலும் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் இளகியது. பனி உருகும் சமயம் அறுவை மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு, மயக்க மருந்துக்கு அவசியமில்லை என்றார்.

செய்தியைச் சொல்ல எல்சிதான் போன் செய்தாள். பேசி முடித்த பிறகும் வைக்கவில்லை.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல வலிக்குதுன்னு அந்த மனுஷன் சொல்லி நான் கேட்டதே இல்ல அர்லீன். அன்னைக்கு உன்கிட்ட சொன்னாரே, பக்கத்து ரூம்ல நின்னுக்கிட்டு கேட்டேன். இப்ப என்கிட்டயும் சொல்றாரு."