கப்பல் ஏறும் கூடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

மந்தைவெளியில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். அப்படியிருந்தும் நான் கடலுக்குள் போனதில்லை. போவேன் என்று நினைத்ததும் இல்லை. அடையாற்றில் இருக்கும் என் தங்கைதான் ஒருநாள் திடுதிப்பென்று வந்து, "அக்கா, ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன். ரெண்டு ராத்திரி கப்பல்ல. திரும்ப இங்கேயே கொண்டுவந்து விட்டுடுவான். நீ வரலைன்னா நானும் போகப் போறதில்லை" என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான். அன்பு காட்டுவதைக்கூடக் கழுத்தில் கத்தி வைத்துத்தான் காட்டுவாள்.

என் மாமியார் படுத்த படுக்கையாகி ஆறேழு வருஷம் ஆகிறது. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து எழுந்திருக்கவில்லை. வாய் மட்டும் வீடு முழுக்க நடமாடும். உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் நான். இத்தனை வருஷத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் முகூர்த்தம் ஆனதும் கையில் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் நிதானமாகச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோய்விட்டது. ஆகவே இந்த மூன்று நாள் எனக்குச் சும்மா சுற்றுலா இல்லை. இந்தத் தடவை போகாவிட்டால் இனி எங்கேயும் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே தெரியும்.

கணவர் வங்கியில் லீவு போட்டார். மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஓர் அம்மாளை ஏற்பாடு செய்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று மூச்சு விட்டால், கப்பல் புறப்படுவது வெள்ளிக்கிழமை. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆத்து மனுஷி வாசல் தாண்டுவாளா?" என்று மாமியார் கட்டிலிலிருந்தே கேட்டார். அதற்கும் எங்கள் வீடுகளில் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் என்பார்கள். கிளம்புகிற நாள் சரியில்லையென்றால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை மட்டும் அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பிரயாணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்படியே வியாழக்கிழமை காலை என் பெட்டி எதிர் ஃபிளாட்டுக்குப் பிரயாணம் போயிற்று. நான் வழக்கம்போல ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அந்த ஏஜென்சி அம்மாள் வந்தாள். என்னைவிடக் கொஞ்சம் வயது குறைந்தவள், கைதேர்ந்தவள். மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்கிற விதத்தைப் பார்த்ததுமே எனக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிட்டது. மருந்து, துணி, கஞ்சி எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிட்டுத் தங்கையோடு ஆட்டோவில் ஏறினேன்.

ஆட்டோக்காரர் துறைமுக கேட்டோடு நிறுத்திவிட்டார். "உள்ள ஆட்டோ வுட மாட்டாங்கம்மா. தோ, பஸ்ஸு நிக்கிது பாரு, அதுல ஏறிக்கினு போயிடு. இன்னாத்துக்கு அவசரம், கப்பல் இன்னா ஓடியா பூடும்?" என்றார். பஸ் எங்களைப் பயணிகள் கூடத்தின் வாசலில் கொண்டுபோய் இறக்கியது.

கூடத்தைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம்தான். கடல், காற்று, உப்பு வாசனை என்று எதையெதையோ நினைத்துக்கொண்டு போயிருந்தேன். பளபளவென்று தரை, அண்ணாந்து பார்க்கும்படி கூரை, எலும்பு வரைக்கும் இறங்குகிற ஏசி. ஒரு சுவர் முழுக்க நீலக் கடலின் படம். நிஜக் கடல் எங்கே என்றால், அதே சுவருக்கு அந்தப் பக்கம். கண்ணாடி ஜன்னல் என்னவோ பெரிதாகத்தான் இருந்தது. அது வழியாகப் பார்த்தால் இரும்புப் பெட்டிகள் அடுக்கி வைத்த முற்றம் தெரிந்தது. தேர் பார்க்கப் போய் முன்னால் நிற்பவர் முதுகைப் பார்த்துவிட்டு வருவதுபோல இருந்தது எனக்கு.

தங்கை கட்டட வரைபடம் போடுகிற ஆபீஸில் வேலை செய்கிறவள். விடுவாளா, அங்கேயே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். "இந்த மாதிரி இடத்தையெல்லாம் இப்படித்தான்க்கா கட்டுவா. எறங்கி வரவாளும் ஏறப் போறவாளும் ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்கப்படாது. எறங்கறவாளுக்கு அந்தப் பக்கம் வழி, நமக்கு இந்தப் பக்கம். கூட்டம் முன்னாடி மட்டும்தான் நகரணும். பின்னாடி வரவே கூடாது."

தரையைப் பார்த்தேன். அம்புக்குறிகள் ஒட்டியிருந்தன. எல்லாம் முன்பக்கம் காட்டின. திரும்புகிற வழி காட்டுகிற அம்பு ஒன்றுகூட இல்லை.

பெட்டியைப் பெல்ட்டில் வைத்தார்கள், அது ரப்பர்த் திரைக்குள் நுழைந்து காணாமல் போயிற்று. கைப்பையைச் சோதித்தபோது என் பிளாஸ்க் மாட்டிக்கொண்டது. "இது என்ன மேடம்?" என்றாள் அங்கிருந்த பெண். டிகாக்‌ஷன் என்றேன். "திரவம் கொண்டு போகக் கூடாது மேடம். கப்பல்லயே காபி இருக்கு." அங்கே இருப்பது காபி இல்லை என்று அந்தக் குழந்தைக்கு நான் எப்படி விளக்குவது? கொட்ட மனசு வராமல், அங்கேயே ஓரமாக நின்று மூடியில் ஊற்றிப் பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் குடித்துத் தீர்த்தேன். தங்கை எனக்குத் தெரிந்தவளே இல்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் நாடா கட்டிய வரிசை. எங்களுக்கு முன்னால் நாலு பேர்கூட இல்லை. ஆனாலும் அந்த நாடாவுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வளைந்து வளைந்து நடந்தே ஆக வேண்டும். போட்டோ எடுத்து, கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி, இன்னொரு கூடத்துக்குள் அனுப்பினார்கள். எங்களுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்து முடிக்கவில்லையாம், குழுக்குழுவாகக் கூப்பிடுவார்களாம். இரும்பு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கைப்பிடி. படுக்க முடியாது, சாய முடியாது, சேர்ந்து உட்காரவும் முடியாது. எங்கள் குழுவின் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

போன் அடிக்க ஆரம்பித்தது அங்கேதான். முதல் தடவை, பருப்புப் பொடி எந்த டப்பாவில் என்று கணவர் கேட்டார். அடுத்த தடவை, காஸ் அடுப்பில் இடது பக்கம் ஏன் பற்றவில்லை என்று கேட்டார். இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டில்தான் இருக்கிறார் மனிதர். மூன்றாவது தடவை அவர் குரலே வேறு மாதிரி இருந்தது.

"அந்த ஏஜென்சிக்காரி போயிட்டாடி."

"எங்கே போயிட்டா?"

"வேலையே வேண்டான்னுட்டுப் போயிட்டா."

நடந்தது இதுதான். மாமியாருக்கென்று ஒரு டம்ளர் உண்டு. அதில் வேறு யாரும் குடிக்கக் கூடாது. அவரே அதைத் தூக்கித்தான் குடிப்பார், உதட்டில் படவிடமாட்டார். படுத்த பிறகும் ஸ்பூனால் ஊட்டுவதற்கு அந்த டம்ளர்தான் வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் அதை எடுத்து அலமாரியில் வைக்காமல், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களோடு விட்டுவிட்டேன். அந்த அம்மாள் பாவம், கைக்கு எட்டிய டம்ளரில் காபியை ஊற்றி வாய் வைத்துக் குடித்திருக்கிறாள். மாமியார் பார்த்துவிட்டார். கேட்க வேண்டுமா? வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லியிருக்கிறார். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "பெரியம்மாவைத் தொட்டுத் தூக்க என் கை வேணும், டம்ளர்ல என் வாய் படக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். அவள் கேட்டதில் என்ன தப்பு? நானாக இருந்தால் கழுவிக்கூட வைத்திருக்க மாட்டேன்.

"நீ காலம்பற மாத்தினதோட சரி. அம்மா அப்படியே நனைஞ்சுண்டு கிடக்கா. நீ வந்துடேன்" என்றார் கணவர்.

"நீங்க மாத்துங்கோ."

"நான் எப்படிடி? எங்கம்மாடி அவ. அவளும் விட மாட்டேங்கறா. பிள்ளை கையால வேண்டாங்கறா."

"உங்க தங்கையைக் கூப்பிடுங்கோ. தி. நகர்லதானே இருக்கா."

"கூப்பிட்டுட்டேன். அவாத்துல இன்னிக்கு சுமங்கலிப் பிரார்த்தனை. குளிச்சு மடியா இருக்காளாம். இப்போ வந்து இதையெல்லாம் தொட முடியாதாம்."

எனக்கு உச்சி மயிர் வரைக்கும் எரிந்தது. பெற்ற பெண்ணுக்கு மடி. பெற்ற பிள்ளைக்குக் கூச்சம். கூச்சமும் இல்லாமல் மடியும் இல்லாமல் பிறந்தவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. ஆனால் கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்த ஈரம் எப்படி இருக்கும், கொஞ்ச நேரத்தில் எந்த இடத்தில் தோல் சிவக்கும் என்று எனக்குத் தெரியும். மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. என்னால் உட்கார முடியவில்லை.

எழுந்து போய்க் கதவருகே நின்ற பெண்ணிடம் வெளியே போக முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று அவள் சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அடித்துக்கொண்டது.

"வீட்டுல ஏதாச்சும் அவசரமா மேடம்? போகலாம். நானே கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் சுவரில் ஓரிடத்தைத் தள்ளினாள். அதுவரைக்கும் அங்கே ஒரு கதவு இருப்பதே எனக்குத் தெரியாது. சுவரின் நிறத்திலேயே இருந்தது, எங்கள் பக்கம் கைப்பிடி இல்லை. "உங்க பெட்டியை இறக்கச் சொல்லிடுறேன். ஆனா வெளிய போயிட்டா மறுபடி உள்ள வர முடியாது. பரவால்லையா?"

திறந்த கதவு வழியாக வெயில் தெரிந்தது. நாங்கள் வந்த பஸ்கூட நின்றுகொண்டிருந்தது.

தங்கை பின்னாலேயே வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "அக்கா, கதவு பூட்டிட்டான்னு சொல்லிடு. விட மாட்டேங்கறான்னு சொல்லு. அத்திம்பேர் என்ன வந்து பார்க்கவா போறார்?"

நல்ல யோசனைதான். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கதவு பூட்டியிருக்கிறது என்று சொன்னால், நான் வர ஆசைப்பட்டேன், முடியவில்லை என்றுதான் ஆகும். அடுத்த தடவை பூட்டில்லாத இடத்திலிருந்து கூப்பிட்டால் ஓடித்தானே ஆக வேண்டும்? இத்தனை நாளும் என்னை யார் பூட்டி வைத்தார்கள்? வீட்டு வாசல் எப்போதும் திறந்துதான் கிடந்தது. போனைக் காதில் வைத்தேன்.

"ஏன்னா, கதவு திறந்துதான் இருக்கு. போகலாங்கறா. நான் வரலை."

"என்னடி சொல்றே?"

"நான் வரலை. ஞாயித்துக்கிழமைதான் வருவேன். உங்களை அலம்பி விட்டவதானே உங்கம்மா? இன்னிக்கு நீங்க அலம்பி விடுங்கோ."

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை நான் அவரிடம் பேசியதில்லை. கதவைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் என் முகத்தைப் பார்த்தாள். தலையை அசைத்தேன். அவள் கதவைச் சாத்தினாள்.

போனில் கணவர் கேட்டார். "முதல்ல என்ன பண்ணணும்?"

"வெந்நீர் போடுங்கோ. கொதிக்கப்படாது, கை பொறுக்கற சூடு."

எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். தங்கை என் கைப்பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். நான் போனும் காதுமாக வரிசையில் நகர்ந்தேன். ஃபேனை நிறுத்துங்கோ, அம்மாவுக்குக் குளிரும். மேலே உங்க வேஷ்டியைப் போர்த்திட்டு அதுக்குள்ளே கையை விட்டு மாத்துங்கோ, நீங்க பார்க்கவே வேண்டாம். இடது பக்கமாத் திருப்பாதீங்கோ, அந்த இடுப்புதான். முன்னால் நின்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் ஓரம் வைத்துவிட்டார் போலிருக்கிறது, துணியைப் பிழிகிற சத்தம் கேட்டது.

"வேண்டாண்டா. வெக்கமா இருக்குடா" என்றார் மாமியார்.

"எனக்கும்தாம்மா" என்றார் கணவர்.

தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். கூடத்திலிருந்து கப்பலுக்குப் போகிற வழி, நாலு பக்கமும் மூடிய நீளமான குழாய். அதிலும் ஜன்னல் இல்லை. காலடியில் மட்டும் தரை லேசாக மேலும் கீழும் ஆடியது.

கப்பலின் வாசலில் வெள்ளை உடுப்பு போட்ட பையன் ஒரு தட்டை நீட்டி, சோதனைக்காகப் போனை அதில் வைக்கும்படி சைகை காட்டினான். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினேன். பின்னால் வரிசை நின்றது.

"ஆச்சுடி" என்றார் கணவர். மூச்சு வாங்கியது அவருக்கு. "புடவையும் மாத்திட்டேன். கோணலாத்தான் இருக்கு. இரு, அம்மா என்னவோ கேக்கறா." கட்டில் பக்கம் குனிந்திருப்பார் போல, குரல் தள்ளிப்போய்த் திரும்பி வந்தது. "நீ ஏறிட்டியான்னு கேக்கறா."

நான் இன்னும் ஏறவில்லை. இரும்பு வாசற்படி எனக்கு முன்னால்தான் இருந்தது.

"ஏறிட்டேன்னு சொல்லுங்கோ" என்றேன். சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தேன்.