அரிசிக்குள் புதைந்த அரசர்கள்

அகலமான எவர்சில்வர் பேசின், அதில் பாதி வரை பாசுமதி அரிசி, அரிசிக்குள் மணிக்கட்டு வரை புதைந்த ஒரு முதிய வலது கை. குளத்தடியில் எதையோ தொலைத்தவர்போல டீச்சர் கண்களை மூடிக்கொண்டு அந்தக் கையை மெல்ல அசைத்துக்கொண்டிருப்பார். மனாமா என்று யாராவது சொன்னால் எனக்குக் கடலோ உயர்ந்த கட்டடங்களோ நினைவுக்கு வருவதில்லை. அரிசி விலகி அரிசி சேரும் அந்தச் சின்னச் சத்தமும், ஜன்னல் திரையைத் தாண்டி வந்த மங்கிய மஞ்சள் வெளிச்சமும்தான் வருகின்றன.

பக்கவாதம் வந்தவர்களின் கைகளுக்கு மறுபடியும் வேலை பழக்குவது என் தொழில். கணவருக்கு பஹ்ரைனில் வேலை கிடைத்து மதுரையிலிருந்து வந்து, தலைநகர் மனாமாவின் குதைபியா பகுதியில் குடியிருந்தோம். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும், வீடுகளுக்கே ஆள் அனுப்பும் ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். அவர்கள் என்னை முதலில் அனுப்பியது டீச்சர் வீட்டுக்கு. வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் மிஞ்சியிருந்த மிகச் சில யூதக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. தாத்தா காலத்தில் ஈராக்கிலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு பம்பாய் வரை வியாபாரம் இருந்ததால் வீட்டில் இந்தி புழங்கியது. என்னிடம் அவர் பேசியதும் அந்தப் பழைய இந்திதான்; நினைவில் அது எப்படியோ தமிழாகவே தங்கிவிட்டது. மகளே என்ற பொருளில் 'பேட்டி' என்று என்னை அழைத்தது மட்டும் அப்படியே இருக்கிறது.

பக்கவாதத்துக்குப் பிறகும் அவருடைய வலது கை அசைந்தது. உணர்ச்சிதான் இல்லை. கரண்டியைப் பிடித்தால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்வையை எடுத்த மறுகணம் கரண்டி நழுவித் தரையில் கிடக்கும். ஒரே மகள் லண்டனில் இருந்தார். அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால், அடுத்த முறை வரும்போது கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். டீச்சர் பிறந்தது அந்த வீட்டில்தான். கல்யாணம் முடித்துக் கணவரையும் அந்த வீட்டுக்கே அழைத்து வந்தவர். "லண்டன்ல எனக்கு யாரைத் தெரியும், மழையைத் தவிர?" என்று ஒருமுறை கேட்டார்.

அரிசிக்குள் பித்தான், சாவி, கோலிக்குண்டு என்று புதைத்துவைத்து, பார்க்காமல் எடுத்து என்னவென்று சொல்லச் சொல்வது பழைய பயிற்சி. டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. "என்னை எல்.கே.ஜியில சேர்த்துட்டியா, பேட்டி?" என்றார். வீட்டில் சமைத்த மட்டக்களப்பு அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அரிசி வீணாகுது பிள்ளை, ரீச்சருக்கு விரல்ல ஒண்டும் தெரியுதில்ல" என்றாள். உண்மையில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த முறை நான் போனபோது மேசைமேல் ஒரு மரப்பெட்டி திறந்திருந்தது. உள்ளே பச்சை வெல்வெட் குழிகளில் வெண்கலக் காசுகள். சில, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. எல்லாம் பழைய யூத அரசர்கள் அடித்தவை. அப்பா ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவை. "இனிமே இதைப் போடு" என்றார். ரெண்டாயிரம் வருஷத்துப் பொருளை அரிசியில் போடலாமா என்று தயங்கினேன். "இத்தனை காலம் மண்ணுக்குள்ள கிடந்தது. அரிசி என்ன செஞ்சுடும்?" என்றார்.

அப்படித்தான் அந்த அரசர்கள் எனக்கு அறிமுகமானார்கள். ஒவ்வொரு காசையும் புதைக்குமுன் டீச்சர் அதன் கதையைச் சொல்வார். அந்த அரசர்களில் பலர் காசில் தங்கள் முகத்தைப் போட்டுக்கொள்ளவில்லை. உருவம் செதுக்குவது அவர்கள் மார்க்கத்தில் விலக்கு. அதனால் நங்கூரம், நட்சத்திரம், மாதுளை, கதிர்கள். அகிரிப்பா என்ற அரசன் குஞ்சம் தொங்கும் ஒரு குடையை அடித்திருந்தான். எங்கள் ஊர் ராஜாக்களுக்கும் வெண்கொற்றக்குடை உண்டு என்று நான் சொன்னபோது டீச்சர் வெகுநேரம் அந்தக் காசைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்திகோனு என்பவன் ரோமர்களின் துணையோடு வந்த ஏரோதை எதிர்த்து நின்றவன். கோயிலில் எரிந்த ஏழு கிளை விளக்கைக் காசில் பதித்தான். போரில் தோற்று, பிடிபட்டு, கொல்லப்பட்டான். ரோமை எதிர்த்துக் கலகம் செய்த பார் கொக்பாவின் ஆட்கள் ரோமானியக் காசுகளையே எடுத்து, சக்கரவர்த்தியின் முகத்தின்மேல் தங்கள் எழுத்தை அடித்தார்களாம். ஏசியின் முனகலில், பாதித் தூக்கத்தில் கேட்பதுபோல நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வெளியே யாரோ ஒருவர் டாக்ஸிக்காரரை "யல்லா, யல்லா" என்று விரட்டிக்கொண்டிருப்பார். உள்ளே ராஜாக்கள் ஒவ்வொருவராக அரிசிக்குள் இறங்குவார்கள்.

ஆனால் கை ஊமையாகவே இருந்தது. வாரங்கள் போயின. கிளினிக்கில் என்னிடம், அந்த வயதில் இனி பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள். டீச்சரிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஒருநாள் காலை, கண்ணை மூடியிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார். "உருண்டையா ஒண்ணு" என்றார். "மாதுளை. ரெண்டு பக்கமும் கொம்பு. இது யன்னை." அலெக்சாந்தர் யன்னை என்ற அரசனின் காசேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர் கண்ணைத் திறக்கவில்லை. கட்டைவிரல் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் ஊர்ந்தது. "இதுக்குக் கீழே வேற என்னமோ வளைஞ்சு போகுது."

மறுபடி உயிர் வரும் விரல் சிலசமயம் அளவுக்கு மீறிக் கூசும். அதனால் அப்படித் தோன்றுகிறது என்று நான் எண்ணினேன். அக்கா ஓடிப்போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தாள். ஜன்னலருகே காசைச் சாய்த்துப் பிடித்தபோது, கொம்புகளுக்கு அடியில் மெல்லிய ஒரு வளைவு தெரிந்தது. நங்கூரத்தின் கை.

டீச்சர் காசை வாங்கித் தடவிக்கொண்டே அதன் கதையைச் சொன்னார். யன்னை முதலில் நங்கூரத்தோடு 'அரசன்' என்று பொறித்துக் காசு அடித்தவன். பிறகு அவற்றில் சிலவற்றின்மேலேயே மறுபடி அடித்து, 'தலைமைக் குரு' என்று மட்டும் எழுதிக்கொண்டான். குருவாக இருப்பவன் அரசனாகவும் இருப்பதை மக்கள் விரும்பவில்லை, அதனால்தான் என்று சிலர் சொல்கிறார்கள். நிச்சயமாக யாருக்கும் தெரியாது. "அப்பா இதைச் சாதாரணக் காசுன்னு நினைச்சு வச்சிருந்தார். நானும் இத்தனை வருஷமாக் கண்ணாலதான் பார்த்தேன்" என்றார். அன்று அவர் மதியச் சாப்பாட்டை வலது கையால் சாப்பிட்டார். பாதி சிந்தியது. அக்கா துடைக்க வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தார்.

மகள் வந்தது அதன்பின் சில வாரங்கள் கழித்து. கண்டிப்பான, களைத்த முகம். என்னிடம் மரியாதையாகப் பேசினார். ஆனால் டிக்கெட் இரண்டு பேருக்கும் போட்டாகிவிட்டது என்பதையும் சொன்னார். கெண்டியை எடுத்து, பிடியில்லாத, இடுப்பு குறுகிய அந்தச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் அவரே தேநீர் ஊற்றினார். டீச்சர் வலது கையை நீட்டிக் குவளையை எடுத்தார். கையைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்து, பேரனின் படிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டே, நிதானமாக, கடைசி மடக்கு வரை குடித்துவிட்டுத் தட்டில் வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

மகள் கெண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "கலாஸ், முடிஞ்சுது. டிக்கெட்டை கேன்சல் பண்றேன்" என்று எழுந்து உள்ளே போனார்.

நான் டீச்சரின் கையைத் திருப்பிப் பார்த்தேன். விரல்நுனிகள் சிவந்து கன்றியிருந்தன. "சுட்டுச்சா, டீச்சர்?"

"சுட்டுச்சு, பேட்டி" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "ரொம்ப நல்லாச் சுட்டுச்சு."

நாங்கள் துபாய்க்கு மாறிவந்து இப்போது அல் குசைஸில் இருக்கிறோம். டீச்சர் கடைசி வரை அந்த வீட்டிலேயே இருந்தார். சென்ற குளிர்காலத்தில் மகள் தொலைபேசியில் அழைத்து, அம்மா தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னார். காசுகளை லண்டனுக்குக் கொண்டுபோகிறாராம். யன்னையின் காசைத் தானும் தடவிப் பார்த்ததாகவும், தன் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்றும் சொன்னார். பிறகு சிறிது தயங்கி, "அன்னைக்கு டீ ஊத்தினது நான்தான். எவ்வளவு சூடுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அப்படியானால் ஏன் எதுவும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கையை எடுத்துடுவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அவங்களுக்குச் சுடுறது முகத்துல தெரிஞ்சுது, ஆனாலும் எடுக்கலை. அதுக்கப்புறம் நான் என்ன சொல்றது?"